யாரும் தள்ளாமல் கொஸ்லந்தை வரை

காலை 6.10, பதுளை.

சாவியைத் திருகினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து ஆசனத்தில் என் மனைவி மல்லிகா முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எதுவும் நடக்காததுபோல இறங்கி, முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை உதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கார் தானாக உருளத் தொடங்கியது. முப்பது கெஜம் போனதும் இரண்டாம் கியரில் போட்டு கிளச்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஒரு தும்மல், பிறகு என்ஜினின் அந்தச் சத்தம். தெருவில் படுத்திருந்த இரண்டு நாய்கள் எழுந்து வழிவிட்டன.

"இது தள்ளுறதுல சேராது," என்றேன்.

"சேராதுன்னு நேத்தே சொல்லிட்டேனே. இறக்கம் சாமி குடுத்தது."

இந்தப் பேச்சு புரிவதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். நான் பதுளை பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வயது நாற்பத்தொன்பது, வயிறு அதைவிட மூத்தது. 1996இல் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் துரைக்கு, அதாவது மேனேஜருக்கு, கண்ணாடி கொடுக்கப் போனபோது, பங்களா கராஜில் உரமூட்டைகளுக்கு அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. முன்பிருந்த துரை ஒருவர் விட்டுப்போன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே ஆசனம், கம்பிச் சக்கரம், கூரை என்று சொல்ல ஒரு கிழிந்த துணி. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அடுத்தவர் பார்வையைத் திருத்தப் போன நான், குஞ்சு பொரிக்கும்வரை மூன்று வாரம் பொறுத்திருந்து, அந்தக் காரை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். செய்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் நன்றாகத்தான் செய்து அனுப்பியிருப்பார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து அது என் கையில் வந்து விழும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

காரைப் பார்ப்பவர் லொறி கராஜ் வைத்திருக்கும் நிசாம் நானா. "இதுக்கு நோய் ஒண்டும் இல்ல சேர்," என்பார். "எல்லாம் பழக்கம்." ஏற்றத்தில் கொதிப்பது ஒரு பழக்கம். ஈரம் பட்டால் பேசாமல் இருந்துவிடுவது இன்னொன்று. பற்றரி இரவோடு இரவாக இறங்கிவிடுவது மற்றொன்று. அதனால்தான் பதுளையில் வீடு தேடியபோது எல்லோரும் தண்ணீர் வருமா என்று கேட்க, நான் மட்டும் வாசலில் சரிவு இருக்கிறதா என்று கேட்டேன். ஏழு வருடமாக, சரிவில் வீடு கட்டியிருக்கும் சொந்தக்காரர்களோடு மட்டுமே எங்களுக்கு நெருக்கம்.

இந்த நிலையில் கொழும்பிலிருந்து ஒரு பல் டாக்டர் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு, வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் பண்ணினார். அதற்கு முதல்நாள், சனிக்கிழமை, கொஸ்லந்தைத் தோட்டமொன்றில் மல்லிகாவின் தம்பி மகளுக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை சோறு போடும்போது மல்லிகா தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"இந்த வண்டியிலயே போவோம். போயிட்டு அந்திக்குள்ள வந்திடணும். வழியில யாராச்சும் ஒருத்தர் தள்ளினாக்கூட, ஞாயித்துக்கிழம சாவிய டாக்டர்கிட்ட குடுத்திடணும். அப்புறம் கூரை உள்ள ஒரு வண்டியா பார்க்கணும்."

"தள்ளாம போயிட்டு வந்துட்டா?"

"வச்சுக்குங்க. நான் வாயே தெறக்க மாட்டேன்."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படியொரு வாக்குறுதி எனக்குக் கிடைத்ததில்லை. சம்மதித்துவிட்டேன்.

காலை 6.50, ஹாலிஎல தாண்டி.

போன வருடம்வரை ராணுவம் பீப்பாய் வைத்து மறித்து, இறக்கி, பையைத் திறந்து பார்த்த இடத்தில் இப்போது பீப்பாய் மட்டும் நின்றது. 2003ஆம் வருடம் சண்டை ஓய்ந்திருந்த நேரம். ரோடு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

தெமோதர ஏற்றத்தில் என்ஜின் இருமியது. "பம்ப்பு," என்றேன். மல்லிகா ரொட்டி உருட்டும் கட்டையைக் கையில் எடுத்து, திரும்பிப் பார்க்காமலே ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினாள். பெற்றோல் பம்ப் அங்கேதான் இருக்கிறது. அது நின்றுவிட்டால் இப்படி ஞாபகப்படுத்த வேண்டும். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக என்பதெல்லாம் நிசாம் நானாவைவிட மல்லிகாவுக்குத்தான் அத்துப்படி.

"இதையும் கணக்குல சேர்க்கப் போறியா?"

"இது எனக்குப் பழகிப்போச்சு. ரோட்டப் பாருங்க."

காலை 7.40, பண்டாரவளை. முப்பது கிலோமீற்றர்.

மேலே சரிவில் நிறுத்தி, ரேடியேட்டருக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினேன். அது போன வேகத்தைப் பார்த்து எனக்கே தாகம் எடுத்தது. கடையில் பிளேன்டீ இரண்டு, வடை ஒன்று ஐந்து ரூபா. பேரிக்காய் விற்ற அம்மா காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேல் பாதி எங்கங்க?" என்று மல்லிகாவிடம் கேட்டார். "இன்னும் வாங்கலக்கா," என்றாள் மல்லிகா.

பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை பதினொரு கிலோமீற்றர். இந்தப் பதினொரு கிலோமீற்றருக்காகத்தான் நான் ஏழு வருடமாக நிசாம் நானாவின் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன். ஓகஸ்ட் மாதத்துக் காய்ந்த காற்று. கருப்பந்தைல மரங்களின் யூக்கலிப்டஸ் வாசனை ஒரு வளைவில், தேயிலை வாட்டும் சூட்டு வாசனை அடுத்த வளைவில். கூரையுள்ள காரில் போகிறவனுக்கு இதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நடக்கிறது. இந்தக் காரில் நாம் ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வாசனைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது காலை அழுத்தினால், அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும். அப்போது எனக்கு வயிறு இல்லை, வழுக்கை இல்லை, பஜாரில் கடைகூட இல்லை.

எங்களை முந்திய பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, உக்காந்து ஓட்டுங்கண்ணே. படுத்துக்கிட்டு ஓட்டுறீங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மல்லிகாவும் சிரித்தாள். முந்தானை அவிழ்ந்து பறந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். 

காலை 9.35, கொஸ்லந்தை.

பெரகலயில் ரோடு இடது பக்கம் திரும்பி, மலையின் தெற்கு முகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. காற்று அடித்த அடியில் கார் தானாகவே ஒரு பக்கமாக நகர்ந்தது. கொஸ்லந்தை வந்து, அங்கிருந்து தோட்டத்து ரோட்டில் ஒரு கிலோமீற்றர் ஏற்றம். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால், மூக்கு கீழே பார்க்க நல்லதொரு சரிவில் நிறுத்தி, கல் வைத்து, நிமிர்ந்தேன். பாதி வெற்றி. யாரும் தொடவில்லை.

மல்லிகாவின் தம்பி, என் மச்சான் செல்வம், ஸ்டோரில் கிளார்க். ஓடி வந்தான்.

"என்னா மச்சான், இதுலயா வந்தீங்க? அக்கா, நீ நல்லா இருக்கியா?"

"இருக்கேன்டா. மொதல்ல ஒரு சீப்பு குடு."

காதுகுத்து, குழந்தையின் அழுகை, சாப்பாடு எல்லாம் நன்றாக நடந்தன. இரண்டு முறை பாயாசம் குடித்தேன். கிளம்பும்போது இறக்கம் என்ற நிம்மதியில் மூன்றாவது முறையும் குடித்தேன்.

பகல் 12.30.

வெளியே வந்தேன். சரிவில் கல் இருந்தது. கார் இல்லை.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. செல்வம்தான் கையைப் பிடித்துக் கீழே காட்டினான். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால், பிள்ளைகள் பந்து விளையாடும் தட்டையான திடலில், நட்டநடுவில் என் கார் நின்றது. முகப்பில் செவ்வந்தி மாலை. இரண்டு விளக்குக்கும் சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். உடம்பு முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நாற்பது பேர், அவர்களுக்கு முன்னால் பெருமையோடு தோட்டத் தலைவர் ராமையா. தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான்.

"வாங்க சேர். தோட்டத்துக்குப் புது வண்டி வந்தா கழுவி பூச போடாம நாங்க விடுறதில்லைங்க."

"புது வண்டியா? இதுக்கு நாப்பது வயசு தலைவரே."

"எங்களுக்கு இன்னைக்குத்தானுங்களே புதுசு. தேயிலக் கொழுந்து ஏத்துற லொறி கழுவுற பைப்புலயே அடிச்சோம். மூடியத் தெறந்து என்ஜினுக்கும் நல்லா அடிச்சு விட்டிருக்குங்க. எண்ணெப் பிசுக்கு ஒரு பொட்டு இல்ல."

நான் கேட்பதற்குள், பின்னால் வந்திருந்த மல்லிகா கேட்டாள். "அண்ணே, இத அங்கிருந்து தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

"தள்ளலம்மா. கல்லு எடுத்ததும் அது பாட்டுக்கு வந்துச்சு. விழுந்துடாம நாங்க பின்னால இழுத்துப் புடிச்சுக்கிட்டே நடந்தோம்."

மல்லிகா யோசித்தாள். "அப்ப சரி," என்றாள். நீதி தவறாதவள்.

நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். மூன்று மணித்தியால ஓட்டத்தில் பற்றரிக்கு ஏறியிருந்த உயிரில் என்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மூளையுள்ளவன் அங்கே நிறுத்தி ஈரத்தைத் துடைத்திருப்பான். நான் திரும்பவும் திருகினேன். எட்டாவது முறை ‘டிக்’ என்றது. காருக்கு நோய் ஒன்றும் இல்லை என்று நிசாம் நானா அடிக்கடி சொல்வதன் அர்த்தம் அப்போது புரிந்தது: நோய் நான்தான்.

முதலில் ஈரம். பிளக் வயர்களையும், மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் அந்தக் கறுப்பு மூடியையும் கழற்றித் துடைத்தேன். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. செல்வம் அவற்றை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குள் நடந்தான். நானும் பின்னால் போனேன். தேயிலை காய வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் சூடு தகித்துக்கொண்டிருந்தது. தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் தட்டை வாங்கி, தேயிலையில் படாமல் அடுப்புப் பக்கத்துப் பலகையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார், விரலால் தடவினார், பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் சேர். உள்ளுக்கு ஈரம் இருக்கு."

"மோந்து பார்த்தே தெரியுதுங்களா?"

"இருவத்தாறு வருசமா இதத்தான சேர் பண்றேன். கருக விட்டா குடிக்க முடியாது."

குடிக்கப் போவதில்லை என்று நான் சொல்லவில்லை. சரியாக ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்தார். ஒரு துளி ஈரம் இல்லை. முதல்தரத் தேயிலை வாசனை.

பகல் 1.30, கோயில் திடல்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். இனிப் பற்றரி மட்டும்தான் பிரச்சினை. கொழுந்து லொறியின் பற்றரியிலிருந்து வயர் கொடுக்கலாம் என்றால், லொறி பண்டாரவளையில் கராஜில் கிடந்தது. தள்ளினால் ஒரு நிமிட வேலை. தள்ள நாற்பது பேர் தயாராக நின்றார்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்களும் வந்துவிட்டார்கள்.

"யாரும் கை வைக்காதீங்க," என்று கத்தினேன். பிறகு வேறு வழியில்லாமல், எங்கள் வீட்டு ஒப்பந்தத்தைத் தோட்டத்துக்கே சொல்ல வேண்டியதாயிற்று. யாராவது தள்ளினால் நாளைக்கு இந்தக் கார் எனக்கு இல்லை.

கூட்டம் தலைவரைப் பார்த்தது. ராமையா தோள் துண்டைச் சரிசெய்தார். துரைமாரோடு எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போய்வந்த மனிதர். மல்லிகாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்தே எதிர்த்தரப்பு யார் என்பது எனக்குப் புரிந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்குங்களா, வாய்ப்பேச்சா?"

"வாய்ப்பேச்சு."

"சேர், அம்மா சொல்றது சரிதானுங்களா?"

"சரிதான் தலைவரே."

"நீங்க கொஞ்சம் யோசிச்சுப் பதில் சொல்லியிருக்கலாம்," என்றார் ராமையா, மெதுவாக. பிறகு மல்லிகா பக்கம் திரும்பி, "கயிறு கட்டி இழுத்தா?"

"தள்ளுறதும் இழுக்கறதும் ஒன்னுதான் அண்ணே."

"தப்பு எங்க பக்கம். நாங்கதான் கழுவினோம். அதுக்கு சேருக்குத் தண்டன குடுக்கலாமா?"

"நீங்க தொடாட்டியும் நாளைக்கு வேற ஒன்னு நடக்கும். ஏழு வருசமா எங்க போனாலும் யாராச்சும் தள்ளித்தான் வீடு வந்து சேருறோம். ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் மடிப்புக் கலையாத சேலையோட போனதில்ல."

பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரிய கொண்டை போட்ட ஒரு அக்கா, "வித்துப்புடுங்கம்மா," என்றார். "மழைக்கு ஒதுங்க முடியாத வண்டி எதுக்கு?" "ஒனக்கு என்னாடி தெரியும், வண்டியப் பாரு, செவப்பா எப்புடி இருக்கு," என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சங்கம் இரண்டாகப் பிளந்துவிடும்போல இருந்தது.

ராமையா கையை உயர்த்தினார். "அம்மா, ஒன்னே ஒன்னு. ‘யாராச்சும் தள்ளினா’ன்னு சொன்னீங்க. அதுல நம்ம சேரும் அடக்கமுங்களா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். என் வயிற்றையும் பார்த்தாள். "அவரு வண்டி. அவருக்கு முடிஞ்சா தள்ளிக்கட்டும்."

"சரிங்கம்மா. அப்ப ஸ்டியரிங் யாரு புடிக்கிறது?"

நாற்பது பேரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மல்லிகாவிடம் லைசன்ஸ் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பண்டாரவளையில் டிரைவிங் ஸ்கூல் வான் ஒன்றில் படித்து, முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினாள். அதற்குப் பிறகு ஒருநாள், ஒரே ஒருநாள், "நான் ஓட்டிப் பார்க்கட்டா?" என்று கேட்டாள். "கிளச் ரொம்ப நுணுக்கம், ஒனக்குப் புரியாது," என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

மல்லிகா நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாம் கியர்தானே?"

"ஆமா. கிளச்ச மெதுவா..."

"தெரியும். ஏழு வருசமா பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

திடலின் ஓரத்துக்குப் பதினைந்து கெஜம். அதற்கப்பால் இறக்கம். செருப்பைச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய் மூன்று பாயாசத்தோடு குனிந்தேன். முதல் முயற்சியில் கார் அசையவில்லை, நான்தான் வழுக்கினேன். "ஐயா, முதுகக் குடுங்க, முதுகக் குடுங்க," என்று ஒரு குரல். திரும்பி முதுகைக் கொடுத்தேன். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கிய சத்தம் கேட்டது. "ஹோய் ஹோய்" என்று நாற்பது பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்கு இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். பெரிய கொண்டை அக்காவும் வந்தார். பதினைந்தாவது கெஜத்தில் முதுகுக்குப் பின்னால் பாரம் இல்லாமல் போனது. மல்லாந்து விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து கேட்டேன்: குலுக்கல் இல்லை. தும்மல் இல்லை. என்ஜின் சுத்தமாகப் பிடித்தது. மாலையோடு கார் கோயிலைச் சுற்றி, கொன்றை மரத்தைத் தாண்டி, வளைவில் மறைந்தது. கைதட்டல் ஓய்ந்தது. எல்லோரும் காத்திருந்தோம். சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.

ராமையா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சேர், அம்மா திரும்பி வருவாங்களா?"

"ஒப்பந்தத்துல அது இல்ல தலைவரே."

பிற்பகல் 2.15, பெரிய ரோடு.

செருப்பை வாங்கிக்கொண்டு ஒரு கிலோமீற்றர் நடந்து இறங்கினேன். சந்தியில், பெரகலப் பக்கம் பார்த்தபடி, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, கார் நின்றது. மல்லிகாவின் தலையில் செவ்வந்தி இதழ்கள். நான் சாரதிப் பக்கம் போய் நின்றேன். அவள் நகரவில்லை.

"அந்தப் பக்கம் ஏறுங்க. நிப்பாட்டினா திரும்ப கெளம்பாது."

அன்றைக்குத்தான் அந்த ரோட்டை நான் முதன்முறையாகப் பார்த்தேன். ஏழு வருடமாக நான் பார்த்தது சூடு காட்டும் முள்ளை மட்டும். பெரகல ஏற்றத்தில் தெற்கே மலை சட்டென்று முடிந்து, கீழே வெயிலில் தாழ்நிலம் கடல்வரை போகிறதுபோல விரிந்து கிடந்தது. சில இடங்களில் குளங்கள் மின்னின. இதையெல்லாம் மல்லிகா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். "அங்க பாருங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் முள்ளைப் பார்த்திருக்கிறேன். அவள் ஓட்டும்போது முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, பதில் எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே அந்தப் பதினொரு கிலோமீற்றர் வந்தது. மூன்றாம் கியரில் வளைவுக்குள் போனாள். வெளியே வரும்போது காலை அழுத்தினாள்.

மாலை 5.50. பதுளை. சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, கல் வைத்தாள். யாரும் தள்ளவில்லை.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றாள். சாவியைக் கொடுக்க மறந்துவிட்டாள்போல.

ஞாயிற்றுக்கிழமை, பகல்.

பல் டாக்டருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் பத்து மணிக்கே வந்துவிட்டார். கொழும்பிலிருந்து இராத்திரி முழுக்கப் பயணம் செய்தவர். மன்னிப்புக் கேட்டு, தேநீர் கொடுத்தேன். பார்த்துவிட்டாவது போகிறேன் என்றார். காட்டுவதற்குக் கார் இல்லை. எட்டரைக்கு மல்லிகா மரக்கறி வாங்க எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மார்க்கெட் எங்கள் வீட்டிலிருந்து அரை மைல்.

பதினொன்றாயிற்று. டாக்டர் பல்லைப் பற்றிப் பேசினார், நான் கண்ணைப் பற்றிப் பேசினேன். பதினொன்றரைக்கு அவர் போய்விட்டார். சோற்றை நானே வடித்தேன். பன்னிரண்டரைக்குக் கீழ் வளைவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வாசலில் போய் நின்றேன். பையில் இரண்டு லீக்ஸ், ஒரு முட்டைக்கோவா. மல்லிகாவின் கன்னத்தில் எண்ணெய்க் கறுப்பு.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"தெமோதர வரைக்கும் போனேன்," என்றாள். "திரும்பி வர மனசு வரல."

ஏழு வருடத்தில் மல்லிகா கேட்ட இதே கேள்விக்கு, இதே வாசலில் நின்று நான் சொன்ன பதில்கள்: பம்ப், ரேடியேட்டர், டயர், பற்றரி. உண்மையான பதிலை அவள் வண்டி எடுத்துப்போன முதல் நாளே சொல்லிவிட்டாள்.